உறைய மறுக்கும் நீர்

சென்னைக்குத் தெற்கே, தாம்பரத்தை அடுத்துப் பெருஞ்சாலையின் ஓரமாக அமைந்துள்ள ஊர் இரும்புலியூர். சித்திரை, வைகாசித் திங்களில் அங்கு வெயில் 40 டிகிரியைத் தொடுவதுண்டு. தார்ச்சாலையில் வெறுங்காலுடன் நடத்தல் அப்போது இயலாது. அவ்வூரார்க்குப் பனிக்கட்டி என்பது குளிர்பெட்டியிலும் கடைகளிலும் காணும் பொருளேயன்றி, இயற்கையில் காணும் பொருள் அன்று. ஆயினும், அவர்தம் தலைக்கு நேர்மேலே, இரும்புலியூருக்கும் குரோம்பேட்டைக்கும் இடையேயுள்ள தொலைவைவிட மிகாத உயரத்தில், நீரை உறையச்செய்யும் குளிர் ஆண்டு முழுவதும் நிலவுகின்றது. அங்கே செல்வதற்குச் சாலை இல்லாமையால் அதனை நாம் அறிவதில்லை.

தரையை விட்டு மேலே செல்லச் செல்லக் காற்றின் வெப்பம் குறையும். ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 6 டிகிரி வீதம் அது குறைகிறது. தரையில் 30 டிகிரி இருக்குமாயின், 5 கிலோமீட்டர் உயரத்தில் வெப்பநிலை சுழியாகிவிடும் என்பது எளிய கணக்கு. இது வெறுங்கணக்கு மட்டும் அன்று. தாம்பரத்திற்கு வடக்கே மீனம்பாக்கத்தில் உள்ள வானிலை ஆய்வு நிலையத்திலிருந்து வானொலிக் கருவி தாங்கிய பலூன்கள் விடப்படுகின்றன. அவை மேலே ஏறும்பொழுதே ஒவ்வோர் உயரத்திலும் உள்ள வெப்பத்தையும் ஈரத்தையும் காற்றழுத்தத்தையும் தரைக்கு அறிவிக்கின்றன. சென்னைப் பகுதியின் வானத்தில் உறைமட்டம் 5 கிலோமீட்டரை ஒட்டியே அமைந்துள்ளது என்பது அவற்றால் நன்கு தெளியப்பட்டுள்ளது.

இனி, ஆவணி, புரட்டாசித் திங்களின் பிற்பகல் ஒன்றை நினைத்துப் பார்க்கலாம். கடற்காற்று உள்நாட்டை நோக்கி வீசுகிறது, வெப்பக்காற்று மேலெழும்புகிறது, வண்டலூர்க் குன்றுகளுக்கு அப்பால் வெள்ளை முகில் ஒன்று காளான்போல் முளைத்துக் கோபுரம்போல் வளர்கிறது. அதன் அடி தரையிலிருந்து ஒரு கிலோமீட்டர் உயரத்திலும், முடி 12 கிலோமீட்டருக்கு மேலும் இருக்கக்கூடும். அம்முகிலின் மேற்பாதி முழுவதும் உறைமட்டத்திற்கு மேலே உள்ளது. அங்குள்ள நீர்த்துளிகள் யாவும் பனிக்கட்டியாக மாறியிருக்கும் என்றே எவரும் கருதுவர். உண்மை அதுவன்று. சுழிக்குக் கீழ் 10 டிகிரிக் குளிரிலும், சிலவிடங்களில் 20 டிகிரிக் குளிரிலும்கூட அத்துளிகளுட் பல நீராகவே மிதந்துகொண்டிருக்கின்றன. உறையவேண்டிய குளிரில் உறையாது நிற்கும் இந்நீரை மீக்குளிர்ந்த நீர் என்பர்.

இவ்வியப்பை முதன்முதலில் ஆராய்ந்து எழுதியவர் காபிரியேல் ஃபாரன்ஹீட் என்பவர். வெப்பமானிக்குத் தம் பெயரைத் தந்தவரும் இவரே. 1721ஆம் ஆண்டின் குளிர்காலத்தில் இவர் கண்ணாடிக் குமிழ் ஒன்றில் மழைநீரை ஊற்றி, அதிலுள்ள காற்றை வெளியேற்றி, வாயை உருக்கி அடைத்து, கடுங்குளிரில் இரவு முழுதும் வைத்தார். வெப்பமானி 15 டிகிரி ஃபாரன்ஹீட், அஃதாவது சுழிக்குக் கீழ் ஏறத்தாழ 9 டிகிரி செல்சியஸ் காட்டியது. காலையில் பார்த்தபோது நீர் நீராகவே இருந்தது. குமிழின் முனையை உடைத்தவுடன் பனி இழைகள் நீர் முழுவதும் நொடியில் பரவின. காற்று புகுந்ததே உறைதற்குக் காரணம் என்று அவர் முதலில் எண்ணினார். பின்னர் ஒருநாள், குமிழைக் கையில் ஏந்திச் செல்கையில் படியில் கால் இடறிற்று. குமிழ் குலுங்கியதும் உள்ளிருந்த நீர் உறைந்துபோயிற்று. காற்று புகாமலும் நீர் உறையும் என்பதை அந்த இடறல் அவருக்குக் காட்டியது. 1724இல் இலண்டன் அரச கழகத்தின் இதழில் இச்செய்திகள் வெளிவந்தன.

சுழி டிகிரியில் நீர் உறையும் என்று தொடக்கப்பள்ளியிலேயே கற்கிறோம். அவ்வாறாயின் குமிழில் இருந்த நீர் அவ்விதியை மீறியதா? இல்லை. அவ்விதியின் பொருளை நாம் சற்றுத் திருத்திக்கொள்ளல் வேண்டும். சுழி டிகிரி என்பது பனிக்கட்டி உருகும் நிலை. அதற்குக் கீழே நீர் உறையலாம் என்பதே உண்மை. உறைந்தே தீரும் என்பது அன்று. உறைதல் எங்கேனும் தொடங்கவேண்டும். அத்தொடக்கமே அரியது.

அதன் அருமையை அறிய நீரின் மூலக்கூறுகளை நோக்குதல் வேண்டும். ஒவ்வொரு மூலக்கூறிலும் ஆக்ஸிஜன் அணு ஒன்றும் ஹைட்ரஜன் அணுக்கள் இரண்டும் உள்ளன. இரண்டு ஹைட்ரஜன்களும் ஒரே நேர்கோட்டில் நில்லாமல், 104.5 டிகிரிக் கோணத்தில் விரிந்து நிற்கின்றன. ஒரு மூலக்கூறின் ஹைட்ரஜன், அண்டையிலுள்ள மற்றொரு மூலக்கூறின் ஆக்ஸிஜனைப் பற்றிக்கொள்ளும். இப்பற்றுதலே ஹைட்ரஜன் பிணைப்பு. இவ்வாறு ஒவ்வொரு மூலக்கூறும் தன்னைச் சூழ்ந்த நான்கு மூலக்கூறுகளைப் பற்றக்கூடும். பனிக்கட்டியில் இந்நான்கு பிணைப்புகளும் ஒழுங்காகவும் நிலையாகவும் அமைந்து, அறுகோண வடிவில் ஒரு பின்னலாகின்றன. அப்பின்னலில் இடைவெளி மிகுதி. ஆதலால்தான் பனிக்கட்டி நீரில் மிதக்கின்றது. நீரிலும் பிணைப்புகள் உண்டு. ஆனால் அவை நில்லா. ஒரு விநாடியை இலட்சம் கோடிப் பங்காகப் பிரித்தால் கிடைக்கும் நேரத்தை ஒட்டிய காலத்திற்குள் பிணைப்புகள் அறுகின்றன, வேறொன்றுடன் சேர்கின்றன, மீண்டும் அறுகின்றன.

பள்ளியின் இடைவேளையில் மைதானத்தில் ஓடியாடும் சிறுவர்களை இதற்கு ஒப்பிடலாம். அவர்களுள் நால்வரோ ஐவரோ தற்செயலாக வரிசையாக நிற்க நேரலாம். ஆனால் சுற்றிலும் ஓடுபவர்கள் இடித்து அவ்வரிசையைக் கலைத்துவிடுவர். ஐம்பதின்மர் ஒருங்கே வரிசையில் நின்றுவிட்டால் கதை வேறு. வருபவர் ஒவ்வொருவரும் வரிசையின் கடைசியில் சேர்ந்துகொள்வர். நீரிலும் மூலக்கூறுகள் சில அவ்வப்போது பனிக்கட்டியின் ஒழுங்கில் கூடுகின்றன. அக்கூட்டம் சிறிதாயின், அதன் உறுப்புகளுட் பெரும்பாலானவை விளிம்பிலேயே நிற்கும். விளிம்பில் நிற்பவை ஒருபக்கம் பனிக்கட்டியோடும் மறுபக்கம் நீரோடும் இழுபட்டு நிலைகுலையும். கூட்டம் ஓர் அளவைத் தாண்டினால்தான் அது கலையாமல் வளரும். சுழிக்குக் கீழ் 5 டிகிரியில் அவ்வளவு, ஓரிலட்சத்திற்கும் மேற்பட்ட மூலக்கூறுகள். இத்தனையும் தாமே ஓரிடத்தில் ஒழுங்காகக் கூடுதல் நடவாத செயல். குளிர் மிகுந்தால் மூலக்கூறுகளின் ஓட்டம் தளர்கிறது. வேண்டிய கூட்டமும் சிறுக்கிறது. சுழிக்குக் கீழ் 38 டிகிரியில் சில நூறு மூலக்கூறுகள் போதும். ஆகவே மிகத் தூய சிறுதுளியும் அக்குளிரைத் தாண்டி நீராக நிற்பதில்லை.

அங்ஙனமாயின் இமயத்துக் குளங்கள் சுழி டிகிரியை ஒட்டியே உறைவது எவ்வாறு? தமிழ்நாட்டு இல்லங்களில் பாலைத் தயிராக்கும் முறையை நினைத்தால் இது விளங்கும். காய்ச்சி ஆறிய பால் தானே தோய்வதில்லை. சிறிது உறைமோர் வேண்டும். (தயிரில் தொழில் புரிவன நுண்ணுயிர்கள், ஈண்டு ஒப்புமை தொடக்கத்திற்கு மட்டுமே.) நீருக்கும் உறைமோர் போன்றதொன்று வேண்டும். சிலவகைக் களிமண் துகள், புழுதி, இலைகளில் வாழும் சில நுண்ணுயிர்கள் ஆகியவற்றின் மேற்பரப்பு, பனிக்கட்டியின் பின்னலை ஒத்த அமைப்புடையது. அதன்மேல் படியும் மூலக்கூறுகள் எளிதில் வரிசை கொள்கின்றன. இத்தகைய துகளைக் கரு எனலாம். குளத்து நீரில் இவை எண்ணிறந்தன. ஒன்று வேலை செய்தாலும் குளம் முழுதும் உறைந்துவிடும். முகிலின் நிலையோ வேறு. அங்கு நீர், மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு குறுக்களவுள்ள துளிகளாகப் பிரிந்து கிடக்கிறது. ஒரு லிட்டர் முகிற்காற்றில் துளிகள் ஓரிலட்சம் இருக்கும். சுழிக்குக் கீழ் 20 டிகிரியில் உறைதலைத் தொடங்கவல்ல துகளோ ஏறத்தாழ ஒன்றே. ஒருவனுக்குக் கிடைத்த உறைமோரை ஓரிலட்சம் கிண்ணங்களுக்குப் பங்கிடுவது எப்படி? ஆகவே, மற்றைத் துளிகள் உறைய விரும்பினும் வழியின்றி நீராகவே நிற்கின்றன.

இவ்வாறு கட்டாயத்தால் நீராக நிற்கும் நீர், சாதாரண நீரைப் போன்றே நடந்துகொள்வதில்லை. நீரைக் குளிரச்செய்தால் 4 டிகிரி வரை சுருங்கும். அதற்குக் கீழே விரியத் தொடங்கும் என்பது மாணவர் அறிந்ததே. மீக்குளிர்ந்த நீரில் இவ்விரிவு தொடர்ந்து மிகுகின்றது. ஒரு டிகிரி சூடேற்றத் தேவைப்படும் வெப்பமும் வழக்கத்திற்கு மாறாக ஏறிக்கொண்டே போகிறது. நீரை அழுத்திச் சுருக்குவதும் எளிதாகிக்கொண்டே வருகிறது. வேறு நீர்மங்கள் குளிர்ந்தால் அழுத்தத்திற்கு மிகுதியாக எதிர்த்து நிற்கும்; நீரோ இளகிக் கொடுக்கிறது! 1976இல் ஸ்பீடி, ஆஞ்செல் என்னும் இருவர் இவ்வளவைகளை நோக்கி, சுழிக்குக் கீழ் 45 டிகிரி அளவில் இவை எல்லையின்றிப் பெருகுவனபோல் தோன்றுகின்றன என்று கூறினர். ஆனால் அவ்விடத்தை அடைந்து பார்த்தல் எளிதாயில்லை. 38 டிகிரிக்குக் கீழே துளி உறைந்துவிடுகிறது. மறுபுறத்தில், நீரை மிகவிரைவாகக் குளிரச்செய்து கண்ணாடிபோல் திடப்படுத்தி, பின் மெல்லச் சூடேற்றினால், சுழிக்குக் கீழ் 113 டிகிரி அளவிலேயே அது படிகமாகிவிடுகிறது. இவ்விரண்டு எல்லைகட்கும் இடைப்பட்ட பகுதியை ஆய்வாளர் ஆளில்லா நிலம் என்று வேடிக்கையாக அழைத்தனர்.

நீருக்குள் இரண்டு நீர் உண்டு என்பது இதற்குக் கூறப்பட்ட விளக்கங்களுள் ஒன்று. எக்ஸ் கதிரைக் கண்ட ராண்ட்கன் 1892லேயே இவ்வாறு எண்ணினார். ஒன்றில் மூலக்கூறுகள் பனிக்கட்டியைப் போல விரிந்து நான்கு அண்டையரோடு நிற்கின்றன. மற்றொன்றில் ஐந்தாவது மூலக்கூறு நெருங்கிப் புகுந்துவிடுகின்றது. குளிரக் குளிர முதல்வகை மிகுகிறது. இவ்விரண்டும் மிகுகுளிரில், மிகுஅழுத்தத்தில், எண்ணெயும் நீரும் போலத் தனித்தனி நீர்மங்களாகவே பிரியும் என 1992இல் பூல், சியோர்ட்டினோ, எஸ்மன், ஸ்டான்லி ஆகியோர் கணிப்பொறிக் கணக்கின் வாயிலாகக் கூறினர். அவ்வாறு பிரியாமலே இந்நடத்தைகளை விளக்கலாம் என்று 1996இல் எதிர்வழி காட்டியவர்களுள் ஒருவர், பெங்களூரில் உள்ள ஜவாஹர்லால் நேரு உயராய்வு மையத்தைச் சேர்ந்த ஸ்ரீகாந்த் சாஸ்திரி. இவ்வழக்கு நெடுநாள் நீடித்தது. 2020இல் ஸ்டாக்ஹோம் பல்கலைக்கழகத்தினர் கொரியாவிலுள்ள எக்ஸ் கதிர்க் கருவியைக் கொண்டு, நீர் படிகமாவதற்கு முன், விநாடியின் பத்து இலட்சத்தில் சில பங்கு நேரத்திற்குள், அடர்ந்த நீர் விரிந்த நீராக மாறுவதைப் படம்பிடித்தனர். ஆளில்லா நிலத்தில் காலடி வைத்தவர் அவர் எனலாம். மேற்கூறிய கண்ணாடி நீரும் வீண்போகவில்லை. உயிரணுக்களின் நுண்பகுதிகளை அதில் பதித்து மின்னணு நுண்ணோக்கியால் காணும் வழியைக் கண்ட டூபோஷே என்பார்க்கு 2017ஆம் ஆண்டின் நோபெல் பரிசில் பங்கு கிடைத்தது.

மீண்டும் முகிலுக்கு வருவோம். ஓரிலட்சம் மீக்குளிர்ந்த துளிகளுக்கு நடுவே ஒரு பனிப்படிகம் தோன்றிவிட்டது எனக் கொள்க. படிகத்தில் மூலக்கூறுகள் இறுகப் பிணைந்திருத்தலின் அதிலிருந்து ஆவியாகித் தப்புவன குறைவு. துளியிலிருந்து தப்புவன மிகுதி. ஆகவே துளிகள் இழக்கும் நீராவியைப் படிகம் வாங்கிக்கொள்கிறது. துளிகள் தேய்கின்றன, படிகம் பருக்கிறது. பருத்து விழும்போது வழியிலுள்ள துளிகள் அதன்மேல் மோதி அக்கணமே உறைந்து ஒட்டிக்கொள்கின்றன. மழை பிறக்கும் இவ்வழியை 1933இல் விளக்கியவர் சுவீடன் நாட்டு வானிலை அறிஞர் பெர்ஜரான். படிகம் 5 கிலோமீட்டர் உயரத்தை அடைந்ததும் உருகத் தொடங்குகிறது. உருகும் அடுக்கு, ரேடார்த் திரையில் ஒளிமிக்க பட்டையாகத் தெரியும். பின்னர் பத்து நிமிடங்களில் அது மழைத்துளியாக இரும்புலியூர் ஏரியில் விழுகின்றது. உருகி முடியாது தரையை அடைவதே ஆலங்கட்டி. 'ஆலி' என்பது அதன் பழைய பெயர். சென்னைப் புறத்தில் அது அரிதாதற்கு, உருகுதற்கு இத்தனை நெடுவழி இருத்தலே காரணமாகும்.

எல்லா மழையும் இவ்வழியே பிறப்பது என்று கொள்ளுதல் பிழை. வெப்ப மண்டலத்தின் முகில்களில், உறைமட்டத்திற்குக் கீழேயே சிறுதுளிகள் ஒன்றோடொன்று மோதிப் பெருந்துளியாகி மழை பெய்தலும் உண்டு. 2015 டிசம்பர் முதல் நாள் தொடங்கிய 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது, இவ்விரு வழிகளுள் எதன் பங்கு எவ்வளவு என்று மழையில் நனைந்தவர் சொல்ல இயலாது. ஆனால் மின்னலும் இடியும் உண்டாயின், அங்கே உறையாத நீர் உண்டென்று உறுதியாகக் கூறலாம். மீக்குளிர்ந்த துளிகள் ஒட்டிப் பருத்த பனி உருண்டைகளும் மெல்லிய படிகங்களும் மோதிப் பிரியும்போது, பெரும்பாலும் உருண்டை எதிர்மின்னையும் படிகம் நேர்மின்னையும் பெறுகின்றன. கனமான உருண்டை கீழே தங்க, படிகங்களைக் காற்று மேலே கொண்டுசெல்ல, முகிலின் இரு பகுதிகளில் மின்னேற்றம் குவிகிறது. அது பாயும்போது காண்பதே மின்னல்.

உறைய வழி தேடும் இந்நீர்க்கு வானூர்தியின் இறக்கை நல்ல வழியாகும். அதன்மேல் மோதிய துளி உடனே பனிக்கட்டியாகிறது. இறக்கையின் வடிவம் சிறிது மாறினாலும் அதன் தாங்குதிறன் குறையும். இதன் பொருட்டு இறக்கையின் முன்விளிம்பைச் சூடாக்குவர். அல்லது அங்கே இரப்பர் உறை பொருத்தி, அதனை அவ்வப்போது காற்றால் உப்பச்செய்து பனியை உடைப்பர். 1994 அக்டோபர் 31ஆம் நாள் அமெரிக்காவில் ரோஸ்லான் என்னுமிடத்தில் ஏ.டி.ஆர்.72 வகை வானூர்தி ஒன்று வீழ்ந்து, அதிலிருந்த 68 பேரும் மாண்டனர். அது தரையிறங்கும் முறைக்குக் காத்து, 3 கிலோமீட்டர் உயரத்தில் வட்டமிட்டுக் கொண்டிருந்தது. அங்கிருந்த மீக்குளிர்ந்த துளிகள் வழக்கத்தினும் பெரியவை. அவை முன்விளிம்பில் உறையாமல், இரப்பர் உறையைத் தாண்டிப் பின்னே ஓடி உறைந்தன. அப்பனித்திட்டு, வானூர்தியைச் சாய்க்கும் தகட்டை எதிர்பாராது திருப்பிவிட்டது. பின்னர் அவ்வகை வானூர்திகளின் உறையை நீட்டினர். பெருந்துளிகளுக்கென அமெரிக்காவில் தனி விதிகள் வந்தது 2014இல். இருபது ஆண்டுகள் என்பது சிறிய தாமதம் அன்று. மீனம்பாக்கத்திலிருந்து இன்றும் இவ்வகை வானூர்திகள் பறக்கின்றன.

உறைமோரைச் செயற்கையாக முகிலுக்கு ஊட்டினால் என்ன? 1946இல் அமெரிக்காவின் ஸ்கெனெக்டடி நகரில் வின்சென்ட் ஷேபர், குளிர்பெட்டி ஒன்றில் மூச்சுக்காற்றால் முகிலை உண்டாக்கி, உலர் பனிக்கட்டித் துண்டொன்றை அதிலிட்டார். அம்முகில் உடனே மின்னும் படிகங்களாயிற்று. அவரோடு பணியாற்றிய பெர்னார்டு வானகட், அவ்வாண்டிலேயே வெள்ளி அயோடைடு என்னும் பொருளின் பின்னல் பனிக்கட்டியின் பின்னலை மிகவும் ஒத்துள்ளதைக் கண்டு, அதன் புகையால் முகிலை உறையச்செய்தார். இந்தியாவில் டாட்டா நிறுவனத்தார் 1951இல் மேற்குத் தொடர்ச்சி மலையில் இப்புகையைப் பயன்படுத்தினர். தமிழ்நாட்டரசு வறட்சியின்போது 1983இலும், 1984 முதல் 1987 வரையிலும், 1993-94இலும் முகிலில் விதை தூவச் செய்தது. ஆனால் தூவாவிடினும் அம்மழை பெய்திருக்குமா என்பதைப் பிரித்தறிதல் அரிது. முகிலே இல்லாத வானத்தில் தூவுதற்கு இடமில்லை என்பதையும் மறத்தல் கூடாது. வறட்சிக்காலத்தில் குறைவது முகிலேயன்றோ?

மாணவர் இந்நீரைக் காண வானத்திற்குச் செல்ல வேண்டுவதில்லை. வடித்தெடுத்த தூய நீரை நெகிழிப் புட்டி ஒன்றில் முக்கால் அளவு ஊற்றி மூடி, குளிர்பெட்டியின் உறையறையில் அசைவின்றிப் படுக்கவைத்தல் வேண்டும். கண்ணாடிப் புட்டி ஆகாது, வெடிக்கக்கூடும். இரண்டு, இரண்டரை மணி நேரம் கழித்துப் பதமாக எடுத்தால், சிலபோது நீர் உறையாமலே இருக்கும். சிலபோது உறைந்துவிடும், அப்போது மறுமுறை முயலவேண்டியதுதான். உறையாத புட்டியை மேசையில் தட்டினால், பனி இழைகள் மேலிருந்து கீழாக ஓடுவதைக் கண்ணாரக் காணலாம். ஆயினும் நீர் முழுவதும் கட்டியாகிவிடாது. ஒரு கிராம் நீர் உறையும்போது 80 கலோரி வெப்பம் வெளிப்படும். நீர் சுழிக்குக் கீழ் 8 டிகிரியில் இருந்ததாயின், ஒவ்வொரு கிராமும் சுழிக்கு ஏற 8 கலோரி போதும். ஆகவே பத்தில் ஒரு பங்கு உறைந்தவுடனே புட்டி முழுவதும் சுழி டிகிரிக்கு ஏறிவிடுகிறது, உறைதல் நின்றுவிடுகிறது. எஞ்சிய ஒன்பது பங்கும் கட்டியாக வேண்டுமாயின், அப்புட்டியை மீண்டும் உறையறையில் நெடுநேரம் வைத்தல் வேண்டும்.